மருதம்மாளுக்கு வந்த படபடப்பு

முருகன் துணை
திருப்பூர்
14-7-1969

சௌபாக்கியவதி மருதம்மாளுக்குச் சாமியப்பன் எழுதுவது.

பதினொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனதாக நினைப்பாய். யாரும் சாகவில்லை. எனக்குத்தான் உடம்பு சரியில்லை.

சித்திரையில் இரண்டு நாள் சிறுநீர் இறங்கவில்லை. நம் கம்பெனி நல்லான்தான் வாடகைக் கார் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனான். குழாய் வைத்து இறக்கினார்கள். பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டாம், அதில் புற்று வைத்துவிட்டதாம். முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்க முடியாது, அடக்கித்தான் வைக்கலாம் என்றார்.

அடக்குவதற்கு ஒரு மாத்திரை. பெயர் வாயில் நுழையவில்லை. தினம் மூன்று வேளை. சும்மா சொல்லக் கூடாது, பத்தே நாளில் முதுகு வலி போய்விட்டது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். என் மார்பு வீங்குகிறது, மருதம்மா. காம்பு தொட்டால் உயிர் போகிறது. டாக்டரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆம்பளைங்க உடம்புல ஊறுற நீருலதானுங்க இந்தப் புத்து வளருது. அதை அமுக்கறதுக்குப் பொம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோனை மாத்திரையாக் குடுக்கறோம். அதனால மாரு கொஞ்சம் பெருசாகத்தான் செய்யும். உசுருக்கு ஒண்ணுமில்லீங்க."

நாற்பது வருஷமாகப் பனியன் அடித்து விற்கிறேன். இன்றைக்கு என் கம்பெனிப் பனியனை என்னால் போட முடியவில்லை. துணி உரசினால் எரிகிறது. தொளதொள ஜிப்பாவும் மேலே துண்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். "இந்த வெக்கையில எதுக்குங்க துண்டு?" என்று நல்லான் கேட்கிறான். சளி என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாதமாக நெஞ்சு சரியாக அடிக்கவில்லை. மூன்று துடிப்பு துடித்து ஒன்றை விட்டுவிடுகிறது. பிறகு தடார் என்று ஒன்று. சில சமயம் நிறுத்தாமல் ஓடுகிறது.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இந்த வலி தானாகக் குறையுமா? இதற்குப் பெண்கள் என்ன செய்வார்கள்? கேட்பதற்கு எனக்கு வேறு பெண் இல்லை.

சிவசுப்பிரமணியத்துக்குச் சொல்லாதே. தகப்பன் இப்படி ஆகிவிட்டான் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சாமியப்பன்


தாராபுரம்
2-8-1969

திருப்பூரில் இருக்கிறவருக்கு,

கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது.

இனிமேல் இன்லண்டில் எழுத வேண்டாம். பேத்தி எச்சில் தொட்டுப் பிரித்துவிடுகிறாள். உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்த வலி பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எல்லாப் பெண்களுக்கும் வரும். யாரிடமும் சொல்ல மாட்டோம். நாள்பட நாள்படக் குறையும். நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்து, இறுக்காமல் சுற்றிக்கொள்ளுங்கள். புதுத் துணி ஆகாது. குப்புறப் படுக்காதீர்கள். பஸ்ஸில் போனால் முன்னால் இருக்கிற கம்பியில் இடித்துக்கொள்ளாமல் உட்காருங்கள். அவ்வளவுதான். இதற்கெல்லாம் மருந்து கிடையாது.

நெஞ்சு தப்பி அடிப்பதைப் பற்றி என்னிடமா சொல்கிறீர்கள்?

அங்கே இருந்த கடைசி வருஷம் எனக்கு நாற்பத்தைந்து வயது. தீட்டு இரண்டு மாதம் வரும், மூன்று மாதம் வராது. அதற்கு முன்பே, தூரம் ஆவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது நெஞ்சு ஒரு ஓட்டம் ஓடும், அரை நாழிகையில் நின்றுவிடும். தீட்டு நிற்கத் தொடங்கிய பிறகு அது வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. மெஷினுக்குப் பெல்ட் நழுவினால் ஒரு சத்தம் வருமே, உள்ளே அப்படி இருக்கும். கண் இருட்டும். காதுக்குள் அடிக்கும். உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். "வேல செய்ய மடி, அதான் நடிக்கறே" என்றீர்கள்.

ஆவணியில் கல்கத்தா ஏஜென்ட் வந்த அன்று மடிக்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பி கொண்டுவர எழ முடியவில்லை. நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் நீங்கள் குடத்துத் தண்ணீரை என் முகத்தில் ஊற்றினீர்கள். ஊற்றியதும் எனக்கு நின்றுவிட்டது. பளிச்சென்று நின்றுவிட்டது. அதை எனக்கு மறைக்கவும் தெரியவில்லை. "பாத்தீங்களா, தண்ணி பட்டதும் நடிப்பு போயிருச்சு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். கூட இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஈரச் சேலையோடு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்கிறபோது இதை எழுதுவது நியாயமா என்று தெரியவில்லை. இதை விட்டுவிட்டு எழுத வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

மருதம்மாள்


திருப்பூர்
11-8-1969

மருதம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நைந்த வேட்டி உதவியாக இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு என் நிலைமை உனக்குத் தெரியாது. அந்த ஏஜென்ட் கைவிட்டிருந்தால் நாலு மெஷினையும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் டாக்டரா? பார்த்தால் கை கால் நன்றாக இருந்தது, காய்ச்சல் இல்லை, தண்ணீர் ஊற்றினால் எழுந்து நின்றாய். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? பதினொரு வருஷமாக அதையே மடியில் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

அது போகட்டும். சண்டை போடத் தெம்பு இல்லை.

போன புதன்கிழமை கட்டிங் டேபிளில் துணியை விரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. ஒரு கணக்கும் இல்லை, ஒரு தாளமும் இல்லை. மூச்சு வாங்கியது. காலைப் பார்த்தால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நல்லான் மறுபடியும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனான். மார்பில் ஒயரை ஒட்டவைத்து இருதயத்தைப் படம் எடுத்தார்கள். ஒயர் ஒட்ட வந்த பையன் என் மார்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தான்.

டாக்டர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "மாத்திரைதாங்க காரணமோன்னு சந்தேகப்படறேன். இதை நெறையச் சாப்புட்டவங்களுக்கு இருதயம் கெடுதுன்னு ரெண்டு வருசமா வெளிநாட்டுல எழுதறாங்க. புத்தை அமுக்குது, நெஞ்சைக் கெடுக்குது. நிறுத்திரலாம்" என்றார்.

நிறுத்தினால் புற்று? அதற்கும் வழி சொன்னார். ஆண் நீர் எங்கே ஊறுகிறதோ அதையே எடுத்துவிடலாமாம். சின்ன ஆப்பரேசன்தானாம், அரை மணி நேரமாம். புற்றும் அடங்கும், மாத்திரையும் வேண்டாம்.

நான் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன எடுப்பார்கள் என்று உனக்குப் புரிந்திருக்கும். அறுபத்திரண்டு வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று நீ கேட்கலாம். ஒன்றும் செய்யப் போவதில்லை. ஆனாலும் ஆம்பளையாகவே சாகிறேன். காடு கரை இல்லாமல் தறி நெய்து, கடன் வாங்கி மெஷின் போட்டு, முதலாளி என்று பெயர் எடுத்தவன். காளைக்குக் காயடிக்கிற மாதிரி எனக்குச் செய்வதா?

மாத்திரையைப் பாதியாகக் குறைத்துச் சாப்பிடுகிறேன். நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது.

சாமியப்பன்


தாராபுரம்
20-8-1969

திருப்பூருக்கு,

சிவசுப்பிரமணியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்றீர்கள். உங்களுக்காக நான் இனிமேல் எதையும் தனியாகச் சுமக்க மாட்டேன். அவன் மின்சார வாரியத்தில் லீவு போட்டுவிட்டு வருகிறான். வந்தால் திட்டாதீர்கள். கேட்டதும் அவன் அழுதான், உங்களிடம் காட்டிக்கொள்ள மாட்டான்.

ஆம்பளையாகச் சாகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமாவது கேட்கிறார்கள், எடுக்கட்டுமா வேண்டாமா என்று. எனக்குத் தீட்டு நிற்கத் தொடங்கியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுவாகவே நிற்கத் தொடங்கியது, அவ்வளவுதான். முடி கொட்டியது, தோல் வறண்டது, உங்கள் பக்கத்தில் படுக்கவே பிடிக்கவில்லை. நான் பொம்பளை இல்லை என்று ஆகிவிட்டதா? மறுநாளும் எழுந்து சோறு பொங்கினேன். ஆயிரம் பனியன் மடித்தேன்.

இங்கே ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். சின்ன வயசு. பெயர் சொல்லாமல், சொந்தக்காரர் ஒருவருக்கு என்று உங்கள் விஷயத்தைக் கேட்டேன். கோயமுத்தூர் டாக்டர் சொன்னதையே சொன்னார். பிறகு என் விஷயத்தையும் கேட்டேன். இத்தனை வருஷம் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இவரும் நடிப்பு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

அவர் சொன்னது: "அந்த ஹார்மோன் மாசத்துல ஏறும், எறங்கும். நிக்கற வயசுல தாறுமாறா எறங்கும். அப்ப சில பேருக்கு இருதயம் தப்பி ஓடும்மா. ஏன்னு முழுசா எங்களுக்கே தெரியாது. ஆனா வர்றவங்களுக்கு நெசமாத்தான் வருது."

நிஜமாகத்தான் வருகிறது. இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கப் பதினொரு வருஷம்.

ஆப்பரேசன் செய்துகொள்ளுங்கள். நான் வர மாட்டேன். மகன் கூட இருப்பான்.

மருதம்மாள்


கோயமுத்தூர் ஆஸ்பத்திரி
16-9-1969

மருதம்மாளுக்கு,

வெள்ளிக்கிழமை முடிந்தது. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. டாக்டரும் நர்சும் ஏதோ கல்யாண வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தார்கள். அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

சிவசுப்பிரமணியம் கூட இருக்கிறான். அதிகம் பேசுவதில்லை. நேற்று எனக்குச் சவரம் செய்துவிட்டான். மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. நெஞ்சுக்கு வேறு ஒரு மாத்திரை. நாடி ஒழுங்காகி வருகிறது என்கிறார்கள்.

நான் உனக்கு எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

சாமியப்பன்


திருப்பூர்
30-10-1969

மருதம்மாளுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. ஒருவேளை கிடைக்கவில்லையோ என்னவோ. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முதுகு வலி இல்லை. நடக்கிறேன். மழை நன்றாகப் பெய்கிறது, துணி காய மாட்டேன் என்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சாமியப்பன்


தாராபுரம்
3-12-1969

திருப்பூருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்றைக்குக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு ஆப்பரேசன் நடந்த வெள்ளிக்கிழமை நான் கோயமுத்தூரில் இருந்தேன்.

வர மாட்டேன் என்று எழுதியது உண்மைதான். மனசு கேட்கவில்லை. மகனிடம் கூடச் சொல்லாமல் காலை பஸ்ஸில் வந்தேன். ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், மூன்றாவது மாடி என்றார்கள். முதல் மாடிப் படியில் பாதி ஏறியிருப்பேன், எனக்கு வந்துவிட்டது. எழுபது வயசுக் கிழவி மாதிரி படியிலேயே உட்கார்ந்தேன். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து நாடியைத் தொட்டாள். தொட்டவள் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. தள்ளுவண்டியில் போட்டு ஓடினாள்.

உங்களுக்கு எடுத்தார்களே, அதே மாதிரி ஒயரை ஒட்டி எனக்கும் படம் எடுத்தார்கள். மெஷினிலிருந்து காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு நூற்று எண்பது துடிப்பாம். டாக்டர் கழுத்தில் ஒரு இடத்தை அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. மூச்சை அடக்கச் சொன்னார். நிற்கவில்லை. பிறகு ஐஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். துணியை நனைத்து என் முகத்தில் சப்பென்று அறைந்தார். பளிச்சென்று நின்றுவிட்டது.

நான் அழத் தொடங்கிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க, இப்படித் தண்ணீர் பட்டு நின்றால் நடிப்புத்தானே என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. விவரம் சொன்னேன். யார் என்ன என்று சொல்லவில்லை, ஒரு தடவை தண்ணீர் ஊற்றினார்கள், நின்றுவிட்டது, அதனால் நம்பவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் அந்தக் காகிதத்தை என் கண் முன்னால் பிடித்துக் காட்டினார். "இது வேகமா ஓடுது பாருங்கம்மா. இந்த எடத்துல தண்ணி பட்டது. இங்க நின்னுருச்சு. இந்தக் கோளாறு மட்டுந்தான் இப்பிடிச் சட்டுன்னு நிக்கும். பயந்து வர்ற படபடப்பா இருந்தா மெல்ல மெல்லத்தான் கொறையும். தண்ணி பட்டு நின்னதே இது நெசங்கறதுக்கு அத்தாட்சி" என்றார். பிறகு கேட்டார்: "எத்தன வருசமா இருக்குது?"

"தீட்டு நிக்க ஆரம்பிச்ச நாள்லருந்துங்க. பதினோரு வருசமாச்சு."

"யாரும் பாக்கலியாம்மா?"

"பாத்தாங்க" என்றேன்.

அப்புறம் மூன்றாவது மாடிக்கு வரத் தெம்பு இருக்கவில்லை. ஏறியிருக்கலாம், அந்த நர்ஸ் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டிருப்பாள். வந்தால் உங்களைப் பார்த்து இதைச் சொல்லியிருப்பேன், ஆப்பரேசன் முடிந்து படுத்திருக்கிற மனுஷனிடம். அது வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அசதி மட்டும் போகவில்லை.

மருதம்மாள்


திருப்பூர்
24-1-1970

மருதம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்காருவேன். என்ன எழுதினாலும் அது போதாது என்று தெரியும், எழுந்துவிடுவேன். இப்போது எழுதுவதற்கு ஒன்று நடந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆப்பரேசனுக்குப் பிறகு இரண்டு மாதம் நன்றாக இருந்தேன். கார்த்திகையில் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருப்பேன், இடுப்பிலிருந்து தீ ஏறுகிற மாதிரி சூடு ஏறும். மார்பு, கழுத்து, காது, தலை. சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். கூடவே நெஞ்சு தடதடவென்று ஓடும். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிக் குளிரெடுக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பழைய கோளாறு திரும்பிவிட்டது என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "துடிப்பு ஒழுங்காத்தாங்க இருக்குது, வேகம் மட்டுந்தான். பொம்பளைங்களுக்கு மாசம் நிக்கற காலத்துல வர்றதேதான் இது. அவங்களுக்கு அந்த நீரு நின்னு போவுது, உங்களுக்கு இந்த நீரு நின்னு போச்சு. சில பேருக்கு ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாதுங்க, பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. நான் உன்னைப் பொறுத்துக்கொள்ளக் கூடச் சொல்லவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போது ஞாபகம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம், ஷிப்ட் மாறுகிற நேரம், மடிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு அந்தச் சூடு வந்தது. அன்றைக்கு மோசம். கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். மருதம்மா, எல்லோரும் ஓடி வந்தார்கள். நல்லான் மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டான். "மொதலாளி, என்னங்க ஆச்சு? இப்பிடி வேர்க்குதுங்களே" என்று அலறினான். ஒருத்தி அட்டையால் விசிறினாள். ஒருவன் சோடா வாங்க ஓடினான். பனியன் மடிக்கிற ரங்காத்தாள் மட்டும் அசையாமல் தூரத்தில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "அன்னைக்கு அக்காளுக்கு வந்த மாதிரியேதான் இருக்குதுங்க" என்றாள்.

நீ உட்கார்ந்தபோது சிரித்தவர்களில் ஏழு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். ஏழு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

எனக்குச் சூடு அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தேன். அவர்களைப் போகச் சொல்லவில்லை. எனக்கு என்ன ஆப்பரேசன் என்று யாருக்கும் தெரியாது. மூத்திரப் பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "கல்லில்ல. ஆம்பளைக்குன்னு இருக்கறதை எடுத்துட்டாங்க. அந்த நீரு நின்னு போனா ஒடம்பு இப்பிடித்தான் ஆவுமாம். மருதம்மாளுக்கும் அன்னைக்கு நின்னு போற வயசு. அவளுக்கு இருதயத்துல கோளாறு இருந்துருக்குது, படம் எடுத்துப் பாத்துருக்காங்க. அவ நடிக்கல. தண்ணி ஊத்துன நாந்தான் தப்பு" என்றேன்.

நல்லான் தலையைக் குனிந்துகொண்டான். ரங்காத்தாள்தான் பேசினாள்.

"அக்கா நடிக்கலீன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ங்க. அது மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா? நீங்க சிரிச்சீங்க, நாங்களும் சிரிச்சோம். வேல வேணுமில்லீங்க."

சொல்லிவிட்டுப் போய் மடிக்க உட்கார்ந்தாள். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் வீரபாண்டி வரைக்கும் போயிருக்கும். போகட்டும். முதல் இரண்டு நாள் வெளியே தலை காட்டக் கூசியது. இப்போது பழகிவிட்டது.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டிய வேலை ஒன்று உனக்கு வந்துவிடும். அதனால் எழுதவில்லை. நான் செய்தது தப்பு. அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

சாமியப்பன்


தாராபுரம்
15-2-1970

அன்புள்ளவருக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இப்படி எழுதியிருக்கிறேன். இதை வைத்து எதுவும் கணக்குப் போட வேண்டாம்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே ரங்காத்தாள் வந்துவிட்டாள். அவளுடைய மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நீங்கள் எழுதியதை எல்லாம் சொன்னாள், எழுதாததையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் நீங்கள் அழுதீர்களாம். அதை எழுதவில்லை. என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காப்பி குடித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பதினொரு வருஷமாக இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது ஒருவர் அது நிஜம் என்று அந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று. வந்த பிறகு பார்த்தால் சந்தோஷமாக இல்லை. களைப்பாக இருந்தது. வெயிலில் தூரமாக நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி. அன்று மதியம் மூன்று மணி நேரம் தூங்கினேன். அப்படித் தூங்கிப் பல வருஷம் இருக்கும்.

சூட்டுக்கு ஒன்று சொல்கிறேன். காரம் குறையுங்கள். காப்பியை விடுங்கள், அதுதான் கிளப்பிவிடும். மெல்லிய மல் துணியில் இரண்டு சட்டை தைத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், நனைந்ததும் மாற்றலாம். வருகிறது என்று தெரிந்தவுடன் உட்கார்ந்துவிட வேண்டும், எதிர்த்து நிற்கக் கூடாது. எனக்கு நாலு வருஷம் இருந்தது. போய்விடும்.

முதுகு வலி மறுபடி லேசாக இருப்பதாக மகன் சொன்னான். அதையும் நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் தனியாகக் கேட்டிருக்கிறான். ஒரு வருஷம், இரண்டு வருஷம், சொல்ல முடியாது என்றாராம். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

நான் திருப்பூருக்கு வர மாட்டேன். அந்த வீட்டில் எனக்குக் கால் வைக்கத் தெம்பு இல்லை. நீங்கள் இங்கே வரலாம். மருமகள் பெரியாத்தாளிடம் பேசிவிட்டேன். "மாமாவை எப்பக் கூட்டிட்டு வருவீங்க?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். ஆற்றுப் பக்கம் ஒரு அறை இருக்கிறது, காற்று வரும். நான் பேத்தியோடு உள் அறையில் படுப்பேன். உங்களுக்கு வருகிற அன்று நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வருகிற அன்று நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தால் யாராவது பார்ப்பார்கள்.

இஷ்டம் இருந்தால் வாருங்கள்.

மருதம்மாள்


திருப்பூர்
2-3-1970

மருதம்மாளுக்கு,

வருகிறேன். கம்பெனியை நல்லானிடம் ஒப்படைத்திருக்கிறேன். நாலு மெஷினுக்கு எண்ணெய் போடுவது முதல் எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாரம் ஒரு முறை வந்து சொல்லிவிட்டுப் போவான்.

உன் கையால் காப்பி வேண்டும் என்று கேட்க மாட்டேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், இந்தப் பதினொரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். ரசம்தான் இன்னும் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை வரலாமா? எந்த வண்டி?

சாமியப்பன்


தாராபுரம்
6-3-1970

வியாழக்கிழமை நல்ல நாள்தான். வாருங்கள்.

மதிய வண்டி வேண்டாம். ஆறரை மணி வண்டியில் ஏறுங்கள், பொங்கலூர் தாண்டும் வரைக்கும் வெயில் ஏறாது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் கேளுங்கள். வயதானவர் என்றால் கொடுப்பார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரண்டு வேளை மாத்திரையை மடியில் வையுங்கள், பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடாதீர்கள்.

சிவசுப்பிரமணியம் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். நான் அங்கே வர மாட்டேன். கோபத்தால் இல்லை. வெயில் எனக்கும் ஆகாது.

மருதம்மாள்